கிழக்கே போனால் மேற்கே வரும்

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அக்கா முதலில் தேடுவது இன்னொரு வாசலைத்தான். நாங்கள் நுழைந்த வாசலைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. இன்னொன்று எங்கே இருக்கிறது, அதைப் பார்த்தபடி உட்கார நாற்காலி இருக்கிறதா, அவ்வளவுதான். தேக்கா சந்தைக்கு எதிர்ப்பக்கம், ஒரு சந்து முனையில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்று உண்டு. முன்வாசல் பெரிய சாலையில், பக்கவாசல் பின்சந்தில். இரண்டும் ஒருசேரக் கண்ணில் படுகிற மேசை அங்கே ஒன்றே ஒன்றுதான். அது கைகழுவும் தொட்டியை ஒட்டி இருந்தது. சனிக்கிழமை தவறாமல் எங்களுக்கு அந்த மேசை. சுவரோர நாற்காலி அக்காவுக்கு, சுவரைப் பார்த்த நாற்காலி எனக்கு. கைகழுவி வருகிறவன் எல்லாம் கையை உதறி என் சோற்றில் தண்ணீர் தெளிப்பான்.

"எங்க ஃபாதர் ஈஸ்டருக்குக்கூட இவ்வளவு தீர்த்தம் தெளிக்க மாட்டாருக்கா" என்று நான் முணுமுணுப்பேன்.

"சாப்பிடு மா" என்பார். கண் என் தோளுக்கு மேலே எங்கேயோ இருக்கும். அவர் இலையில் என்ன விழுந்தது என்று அவருக்கே தெரியாது. கத்தரிக்காய் பிடிக்காதவர் கத்தரிக்காயைத் தின்றுவிட்டுப் போன சனிக்கிழமைகள் உண்டு.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

அப்போது நான் தீவின் கிழக்கே, பிடோக்கில் அம்மாவோடு இருந்தேன். தீவின் மறுகோடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. அக்கா அங்கே மூத்த ஆராய்ச்சியாளர், என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர், வடக்கே ஈசூன்காரர். எங்கள் வேலை செவ்வாய் கிரகத்துச் சுழல்காற்று. அங்கே வெயில் ஏற ஏறத் தரை சூடாகும், தரையை ஒட்டிய காற்று மேலே கிளம்பும், கிளம்புகிற வேகத்தில் சுழலத் தொடங்கும், தூசியை அள்ளிக்கொண்டு தூணாக எழுந்து நடக்கும். அந்தத் தூணைக் கணினிக்குள் நடக்க வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "இங்க போட்ட துணி காய மாட்டேங்குது, அங்க காத்தடிச்சு உனக்கு என்ன?" என்று கேட்டார். அம்மா கேட்டதில் தப்பில்லை. எனக்கும் முதல் மாதம் அதே சந்தேகம்தான்.

முழு கிரகத்தையும் கணினிக்குள் போட முடியாது. அதனால் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுப்போம். கீழே தரை, மேலே வானம், நாலு பக்கமும் சுவர் என்று ஒரு பெட்டி. இங்கேதான் ஒரு சிக்கல். செவ்வாயில் சுவர் ஏது? காற்று சுவரில் போய் முட்டினால் கணக்கெல்லாம் நாசம். அதனால் இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற ஒரு தந்திரம் உண்டு. கிழக்குச் சுவரைத் தாண்டிப் போகும் காற்றை அப்படியே மேற்குச் சுவர் வழியாக உள்ளே விட்டுவிடுவோம். வடக்கே போனால் தெற்கே வரும். பெட்டிக்கு வெளியே என்று ஒன்று கிடையாது. அக்கா இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த அன்று கையில் தே ஓ, பால் விடாத தேநீர், ஆறிப்போய் இருந்தது. "எதுவும் வெளிய போகாதும்மா. போன மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்றார். பாடம் நடத்துகிற குரலாக அது இல்லை. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டேன்.

அவர் காலையில் வந்ததும் பையைக்கூட இறக்க மாட்டார். நேரே ஆய்வுக்கூடத்தின் பின்கதவுக்குப் போவார். அது சரக்கு லிஃப்ட் பக்கம் திறக்கும் தீயணைப்புக் கதவு. உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும், வெளியேயிருந்து அடையாள அட்டை தட்டாமல் திறக்காது. புகை பிடிக்கப் போகிறவர்கள் அட்டையை எடுக்கச் சோம்பல்பட்டு, மடித்த காகிதத்தைக் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போவார்கள். அக்கா அதை உருவி எறிவார். மறுநாள் மறுபடி சொருகியிருக்கும், மறுபடி உருவுவார். ஒருநாள் பேராசிரியரே சொருகிவிட்டுப் போன காகிதத்தை உருவப்போய், அந்தப் பெரிய மனிதர் வெளியே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டோ தட்டென்று தட்டினார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தட்டுகிற சத்தம் கேட்டதும் அவர் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இன்னொன்றும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் சுழலை 'அது' என்பார்கள். அக்கா அவசரத்தில் 'அவன்' என்பார்.

அதை நான் முதலில் கவனித்தது என் தப்பு ஒன்றால். பெட்டிக்குள் ஒரு பகலில் எத்தனை சுழல் எழுகிறது என்று எண்ணச் சொல்லியிருந்தார். சுழலின் நடுவில் காற்றழுத்தம் சட்டென்று விழும், அதைத் தேடிப் பிடிக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். மேற்குச் சுவருக்குப் பக்கத்தில் அழுத்தம் விழுந்தால் புதிதாக ஒன்று பிறந்தது என்று கணக்கு. எண்ணிக்கை ஏகத்துக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை, ஓடிப்போய்க் காட்டினேன். அக்கா திரையைப் பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார், பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"இது இத்தன பேர் இல்ல" என்றார்.

"என்னக்கா?"

"நல்லாப் பாரு. இடைவெளி எல்லாம் ஒண்ணுபோல இருக்கு. காத்து பெட்டியக் கடக்கற நேரம் அது. எல்லாம் ஒரே ஆளு. கிழக்கால போறான், மேற்கால வர்றான். தான் போன தடத்துலயே திரும்ப வந்து விழறான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெருசாயிட்டு வர்றான், பாத்தியா?"

பார்த்தேன். உண்மைதான். பெட்டியை நான் சின்னதாக வெட்டியிருந்தேன். ஒரே சுழல் சுற்றிச் சுற்றி வந்து தன் தடத்தையே தின்று பருத்துக்கொண்டிருந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அக்கா சட்டென்று திரையை அணைத்தார். படித்த மனுஷி, கணினிக்குள் ஓடும் காற்றைப் பார்த்து இப்படிப் பயப்படுவாளா என்று அன்று எனக்கு லேசாக எரிச்சல்கூட வந்தது. பெட்டியைப் பெரிதாக்கி மறுபடி ஓட்டினோம். வேறு மாதிரிச் சுவர் வைக்கலாம், காற்று போனால் போகட்டும், புதுக் காற்று வரட்டும் என்று பேராசிரியர் ஒரு யோசனை சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு விஞ்ஞானக் காரணங்கள் நிறையச் சொன்னார், எல்லாம் சரியான காரணங்கள்தான். சொல்லும்போது பின்கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கதையை அவராக என்னிடம் சொன்னது அந்த வாழையிலைக் கடையில்தான். பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை, சிராங்கூன் ரோட்டில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்க நெரிசல். கூட்டம் என்றாலே அக்காவுக்கு ஆகாது, அன்று நான்தான் இழுத்துக்கொண்டு வந்திருந்தேன். பக்கவாசலில் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். அக்கா எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் விழுந்தது. வந்தவர் யாரோ, குடையைச் சுருக்கிக்கொண்டு பார்சல் வாங்கிப் போய்விட்டார். அக்கா உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார்.

"என் வீட்டுக்காரன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

அவருக்குக் கணவர் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிரிந்து வந்து, அண்ணன் வீட்டில் இருந்தார். அந்த ஆள் கத்துகிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. அக்கம்பக்கத்துக்கு எல்லாம் நல்ல மனுஷன், லிஃப்ட்டில் பெரியவர்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பானாம். ஈசூனில் அவர்கள் இருந்தது நீள நடைபாதை வைத்த பழைய அடுக்குமாடி புளோக். லிஃப்ட் ஒரு கோடியில், படிக்கட்டு மறு கோடியில். படுக்கையறை ஜன்னல் நடைபாதையைப் பார்த்து இருக்கும்.

"காலையில வேலைக்குப் போறேன்னு போவான். லிஃப்ட் கதவு மூடற சத்தம் கேக்கும். அப்பாடான்னு ரூமுக்கு வந்து கொண்டைய அவுப்பேன். ஜன்னல்ல நிப்பான். அந்தப் பக்கப் படி ஏறி வந்திருப்பான். ஒண்ணும் பேச மாட்டான். பாத்துக்கிட்டே நிப்பான், அப்புறம் போயிருவான். தெனமும் இல்ல. என்னிக்குன்னு தெரியாது."

"போலீஸ்ல சொல்லலையாக்கா?"

"என்னன்னு சொல்றது? புருஷன் ஜன்னல்ல நின்னான்னா?" கொஞ்ச நேரம் இலையில் விரலால் கோடு போட்டார். "நாம ரன் பண்றோமே, பாத்திருப்ப. காத்துக்கு ஒரு வேகம் வந்தாத்தான் தூசி எழும்பும். அதுக்குக் கீழ சுத்தினா ஒண்ணும் எழும்பாது. மேலேருந்து படம் எடுத்தா ஒண்ணுமே தெரியாது. ஆனா சுழல் அங்கதான் இருக்கும், அழுத்தம் விழும். என் வீட்ல அப்படித்தான் இருந்துச்சு. தூசி எழும்பினப்புறம்தான் எல்லாரும் நம்பினாங்க."

தூசி எழும்பியது என்றால், அவன் கழுத்தைப் பிடித்தான். அக்கா மூச்சு நின்று தரையில் விழும் வரை விடவில்லை. அதற்குப் பிறகுதான் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. அவர் இருக்கும் இடத்துக்கு அவன் வரக்கூடாது. வரவில்லைதான். பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றான். சந்தையில் ரெண்டு கடை தள்ளி மீன் வாங்கினான். கேட்டால் நான் மீன் வாங்க வந்தேன் என்பான். "அடுத்த தடவ கழுத்தப் பிடிச்சா விட மாட்டான் மா. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, ரசம் வேண்டுமா என்று என்னைக் கேட்டார்.

நான் துணிச்சல்காரி என்றுதான் அதுவரை என்னைப் பற்றி நினைத்திருந்தேன். டாக்சிக்காரரோடு சண்டை போடுவேன், வரிசையில் குறுக்கே வருகிறவனைச் சட்டையைப் பிடித்து இழுப்பேன். அவன் வரட்டும், நான் பார்த்துக்கறேன்க்கா என்று அன்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அக்கா வழக்கம்போல என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் வந்தான்.

சாப்பாட்டு நேரம் முடிந்த மத்தியானம். மற்றவர்கள் எல்லாரும் கீழ்த்தளத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார்கள். கண்ணாடி முன்வாசலுக்குப் பக்கத்தில் என் மேசை. உள்ளே தடுப்புக்குப் பின்னால் அக்கா, அவர் திரையில் அன்றைய சுழல் ஓடிக்கொண்டிருந்தது. நான் தலை நிமிர்ந்தபோது வாசலில் நல்ல இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர். கையில் கறிபஃப் பொட்டலம். மணி அடித்தார், கூப்பிய கையோடு சிரித்தார். கதவைப் பாதி திறந்தேன்.

"தங்கச்சி, சாரி லா, வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன்" என்றார். அக்காவின் பெயரைச் சொன்னார். "இருக்காங்களா?"

அவன்தான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த மரியாதையைக் கேட்டதும் எனக்கே தெரிந்துவிட்டது.

"லீவுல இருக்காங்க" என்றேன்.

"அப்படியா. பரவாயில்ல. இத நீங்க சாப்பிடுங்க, சூடா இருக்கு." பொட்டலத்தை என் கையில் வைத்தான். தலையை ஆட்டி விடைபெற்றான், லிஃப்ட்டுக்குள் போனான். கதவு மூடியது. மேலே எண் இறங்கத் தொடங்கியது. நான் அப்போதுதான் மூச்சு விட்டேன். பெரிய வீராங்கனை மாதிரித் திரும்பி, "போயிட்டாருக்கா" என்றேன்.

அக்கா தடுப்புக்கு வெளியே வந்திருந்தார். பை தோளில் இருந்தது. என்னைக் கடந்து நேரே முன்வாசலுக்கு நடந்தார்.

"அக்கா, அந்தப் பக்கமாவா போறீங்க? அவரு இப்பத்தான் அதுல போனாரு."

"அதனாலதான்" என்றார். ஒரு கையால் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டே, "பின்கதவப் பாரு. ஓடு" என்றார். முன்பக்கம் இருந்த இன்னொரு லிஃப்ட்டில் ஏறிவிட்டார்.

எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. இத்தனை மாதம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், எண்ணத் தெரியாதவள் மாதிரி, கிழக்கே போனதைப் போயே போய்விட்டது என்று நம்பிவிட்டேன். பின்கதவுக்கு ஓடினேன். அன்று காலை அக்கா உருவிப்போட்ட இடத்தில் புகை பிடிக்கிற எவனோ மறுபடி காகிதத்தைச் சொருகி வைத்திருந்தான். குனிந்து அதை இழுக்கப் போனேன். கதவிடுக்கில் ஒரு ஜோடி பாலிஷ் போட்ட காலணி தெரிந்தது.

கதவு மெதுவாகத் திறந்தது. "இந்தப் பக்கமும் லிஃப்ட் இருக்கு போலயே தங்கச்சி" என்றான்.

நான் கத்தவில்லை. தடுக்கவும் இல்லை. வாய் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. அவன் என்னை உரசாமல் ஒதுங்கி, மரியாதையாக உள்ளே போனான். தடுப்பைச் சுற்றி அக்காவின் மேசைக்கு வந்தான். நாற்காலியைப் பார்த்தான். தே ஓ இருந்த கோப்பையின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"இன்னும் சுடுதே" என்றான். என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "லீவுன்னு சொன்னீங்க" என்றான்.

என் கையில் இன்னும் அந்தக் கறிபஃப் பொட்டலம். மாதாவே, மாதாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. அவன் திரையைப் பார்த்தான். சிவப்புத் தரையில் ஒரு சுழல் வலது ஓரத்தில் மறைந்து இடது ஓரத்தில் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தான்.

"அழகா இருக்கு லா. என்ன இது?"

"காத்து" என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம்.

"நான் வந்தேன்னு சொல்லுங்க" என்றான். முன்வாசல் வழியாகப் போனான். லிஃப்ட் கதவு மூடியது, எண் இறங்கியது. நான் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பின்கதவைப் பார்த்தபடி நின்றேன். காகிதத்தை உருவிவிட்டேன்தான், கதவு பூட்டிக்கொண்டதுதான், இருந்தாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. காவலாளிகள் வந்து தோளைத் தொட்டபோது அலறிவிட்டேன்.

அக்கா கீழே இறங்கி, காவலாளிகளை மேலே அனுப்பிவிட்டு, டாக்சி பிடித்து நேரே போலீஸ் நிலையத்துக்குப் போயிருந்தார். உத்தரவை மீறியதற்கு வழக்கு நடந்தது. நான் சாட்சி சொன்னேன். அவன் கொஞ்ச காலம் உள்ளே இருந்தான். அதற்குள் விவாகரத்தும் ஆகி, அக்கா வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். எந்த நாடு என்று எழுத மாட்டேன். அங்கேயும் அதே சுழல்தான், ஆனால் அவருடைய பெட்டிக்கு இப்போது வேறு மாதிரிச் சுவர் என்று கேள்விப்பட்டேன். போன காற்று போனதாம்.

எனக்குக் கல்யாணமாகி இப்போது பொங்கோலில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற ஆள், என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் வேலைக்குக் கிளம்பி லிஃப்ட் கதவு மூடிய சத்தம் கேட்டதும் நான் போய்ப் பின்பக்க ஜன்னலைச் சாத்துகிறேன். பத்தாவது மாடியில் அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்கப் பறவைக்கும் இடமில்லை. தெரியும். தெரிந்துதான் சாத்துகிறேன்.

சென்ற மாதம் அக்கா ஒரு வாரம் ஊருக்கு வந்திருந்தார். அதே வாழையிலைக் கடை. நான் முன்கூட்டியே போய்த் தொட்டியோர மேசையைப் பிடித்து வைத்திருந்தேன். அக்கா கொஞ்சம் சதை போட்டிருந்தார், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். வந்தவர் எதையும் பார்க்காமல், இரண்டு வாசலுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஏம்மா, வேற எடமே கெடைக்கலையா? தண்ணி தெளிக்குதே" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே மறந்துவிட்டிருந்தார்.

நிறையப் பேசினார், நிறையச் சாப்பிட்டார். கத்தரிக்காயை ஒதுக்கி வைத்தார். அவன் இப்போது எங்கே என்று நான் மெல்லக் கேட்டேன். "தெரியாது மா. வெளிய வந்துட்டான்னு மட்டும் கேள்வி" என்றார், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "முன்ன மாதிரி பயம் இல்ல. ஒருநாள் பாத்தா இல்ல. அந்தப் பயம் எங்க போச்சுன்னே தெரியல."

எனக்குத் தெரியும். சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து, அவர் தோளுக்கு மேலே பக்கவாசலைப் பார்த்தபடி, என் இலையில் என்ன விழுந்தது என்று தெரியாமல் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.